247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வாசிப்பா?

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று பாடப் பக்கத்தைக் கடகடவென்று வாசிக்கிறது. விரலும் வரிக்கு வரி நகர்கிறது. பார்ப்பவர்களுக்குப் பெரிய சந்தோஷம். அதே பக்கத்தின் கடைசி வரியில் இரண்டாவது சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் முதல் வரிக்குப் போய், மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேரப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து இன்னும் தெரியவில்லை.

இதற்குக் குழந்தையைக் குறை சொல்ல முடியாது. அ, ஆ தொடங்கி ஔ வரை, பிறகு க், ங், ச், பிறகு க, கா, கி, கீ என்று வரிசை வரிசையாக ஒப்பிக்க வைத்து, எல்லாம் முடிந்த பிறகு சொல்லுக்குப் போகலாம் என்று நாம்தான் காத்திருக்கிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆறு வயதுக் குழந்தைக்கு இது மலை. ஆனால் உண்மையில் கற்க வேண்டியது 247 வடிவங்கள் இல்லை. அடிப்படை வடிவங்கள் 31. அவற்றோடு சேரும் குறிகள் இரு கை விரல்களைவிட ஒன்றுதான் அதிகம். ஙி, ஙீ, ஙெ போன்றவை எந்தச் சொல்லிலும் வருவதில்லை. அவற்றை வரிசைக்காக எழுத வைக்கும் நேரத்தில் குழந்தை பத்துச் சொற்களை வாசித்துவிடும்.

ஆகவே, நான்கைந்து எழுத்து தெரிந்த உடனே சொல்லை வாசிக்க வைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே. மீதி எல்லாம் அதிலிருந்து வளரும்.

எந்த எழுத்தில் தொடங்குவது

அகரவரிசை அகராதிக்கு நல்லது, ஆறு வயதுக் கைக்கு நல்லதில்லை. அ, இ இரண்டும் எழுதக் கடினமான வடிவங்கள். சுழியும் வளைவும் பின்னிக் கிடக்கும். கோட்டெழுத்துகளான ட, ப, ம மூன்றையும் முதலில் வைத்தால் வேலை எளிது. கையின் நடையைக் கவனியுங்கள். மேலிருந்து கீழே இறங்கி, தரையில் வலப்பக்கம் நடந்தால் ட. அதே நடையில் மேலே ஏறினால் ப. ஏறியதும் உள்பக்கம் வளைந்து இறங்கினால் ம. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே ஓர் அசைவு கூடுதல். ஒன்றைப் பழகிய கைக்கு அடுத்தது பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

இந்த மூன்றோடு புள்ளியையும் கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் கையில் வந்துவிடும். ர சேர்த்தால் மரம். க சேர்த்தால் கட்டம், பக்கம், கம்பம். ல சேர்த்தால் கல், பல், பகல், கடல். வ வந்தால் வட்டம், வரம். ச வந்தால் சட்டம், சக்கரம். ந வந்தால் நகம், நகரம். எட்டு ஒன்பது எழுத்தில் இருபது சொல்லுக்கு மேல் தேறும், ஒரு குறிகூட இன்னும் கற்றுத்தரவில்லை. வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு எழுத்து போதும். நான்காவது எழுத்து வரும்போது முதல் எழுத்து மறந்திருந்தால், புதிதாக எதையும் கொடுக்காமல் அதே எழுத்துகளால் வேறு சொற்கள் செய்து வாசிக்க வையுங்கள்.

உயிரெழுத்துகளை என்ன செய்வது? எழுதுவதைத் தள்ளிப்போடலாம், அடையாளம் காண்பதைத் தள்ளிப்போட வேண்டாம். அம்மா, ஆடு, இலை என்று சுவரில் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வாசிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கண் முன்னே ஓடும், கை பின்னால் வரும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: பாடத்தில் வரும் சொற்களில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். 'கஅ', 'மஇ' என்று எழுதும் குழந்தைக்கு இந்த ஒரு வரி போதும்.

'இக்', 'இங்' செய்யும் கெடுதல்

மெய்யெழுத்தை 'இக், இங், இச், இஞ்' என்று பாடமாகச் சொல்லிக்கொடுப்பது நெடுநாள் பழக்கம். தனி மெய்யை உச்சரிக்க முடியாது, எனவே முன்னால் ஓர் இகரம். ஒப்பிக்க வசதிதான். ஆனால் அந்தக் குழந்தை 'அம்மா' என்ற சொல்லைப் பார்த்ததும் 'அ... இம்... மா' என்று வாசிக்கும். மூன்றையும் வேகமாகச் சொல்லச் சொன்னால் 'அயிம்மா' போல ஏதோ வரும். அந்த ஒலியில் அம்மா இல்லை. அதனால் குழந்தை பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும். அந்த ஊகம் பழக்கமாகிவிட்டால் திருத்துவது கடினம்.

மாற்று வழி இது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகக் கற்றுத்தராதீர்கள். முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக் கொடுங்கள். 'அம்' ஒரு தட்டு, 'மா' ஒரு தட்டு. 'பட்' ஒரு தட்டு, 'டம்' ஒரு தட்டு. புள்ளி என்றால் 'வாயை மூடு' என்று குழந்தைக்குச் சொல்லலாம். கரும்பலகையில் 'ப' எழுதி வாசிக்க வையுங்கள். பிறகு பக்கத்தில் 'ல்' சேர்த்து, 'ப' ஒலியை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே ல்-இல் போய் முடிக்கச் சொல்லுங்கள்: பல். 'ப'வுக்கும் 'ல்'லுக்கும் நடுவில் மூச்சை விட்டால் மறுபடி. பல், பட், பம், பக் என்று கடைசியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பொருள் இல்லாத ஒலிகளானாலும் பரவாயில்லை, இங்கே அவைதான் உதவும். மனப்பாடத்தில் இருந்து எடுக்க முடியாது.

எழுதும்போது புள்ளி விடுபடுவது தனிக் கதை. சொல் முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் புள்ளிகளைத் தூவும் குழந்தைகள் உண்டு. 'அமமா', 'படடம' என்று வரும். அல்லது புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். அந்தந்த எழுத்தை முடித்ததும் அதன் புள்ளியை வைத்துவிட்டுத்தான் கை அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். முதல் நாளிலிருந்தே இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குறிகள் வரும்போது

முதலில் ா. கல் – கால், பல் – பால், படம் – பாடம், கடை – காடை என்று இணைகளாகக் கொடுங்கள். குறில் வரும்போது விரலைச் சொடுக்குவது, நெடில் வரும்போது கையை நீட்டுவது, இவ்வளவு போதும். இதையே பிறகு விடு – வீடு, குடை – கூடை, எடு – ஏடு, கொடி – கோடி வரை கொண்டுபோகலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ா என்ற காலும் ர என்ற எழுத்தும் பல அச்சில் கிட்டத்தட்ட ஒன்றே. 'மரம்' என்பதைக் குழந்தை 'மாம்' என்று வாசித்தால் அது கவனக்குறைவு இல்லை. கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வித்தியாசம் ர-வின் அடியில் சாய்வாக வரும் சின்ன வாலில் இருக்கிறது. நீங்கள் அட்டையில் எழுதும்போது அந்த வாலைப் பெரிதாக, வேறு நிறத்தில் எழுதுங்கள். ரா, ராம், மரா, மார என்று நான்கையும் அருகருகே வைத்து ஒருநாள் முழுக்க அதோடு விளையாடுங்கள். ர-வையும் ா-வையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ி, ீ இரண்டும் எளிது. டி, டீ மட்டும் ஒட்டும் விதத்தில் மற்றவற்றோடு சேராது, தனியாகக் காட்டிவிடுங்கள்.

உ, ஊ குறிகளுக்குத்தான் நாள் வேண்டும். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் மற்றவற்றைப் போலவே மாறின. அதனால் இன்று ா-வும் ை-யும் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் ஒரே மாதிரிதான். வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னும் பழைய தும்பிக்கை லை, னை எழுதினால், 'இதுவும் அதே எழுத்துதான்' என்று குழந்தைக்கு ஒருமுறை காட்டினால் போதும். உ, ஊ மட்டும் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. எனவே கு, கூ என்று வரிசையாகப் போகாமல், வால் போகும் திசையை வைத்துக் குடும்பமாகப் பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம்: வால் கீழே வளைந்து இடப்பக்கம் போகும். சு, பு, யு, வு, ஙு ஒரு குடும்பம்: நேர்கோடு கீழே இறங்கும். து, நு, லு, று, னு, ணு, ஞு ஒரு குடும்பம்: வால் கீழே போய் வலப்பக்கம் மேலே ஏறும். இந்தக் கடைசிக் குடும்பம் நெடிலாகும்போது ஒரு கால் கூடும்: தூ, நூ, லூ. வாரம் ஒரு குடும்பம். கூ எந்தக் குடும்பத்திலும் சேராது, அதற்குத் தனி நாள்.

சொல்லின் கடைசியில் வரும் உகரத்தையும் கவனிக்க வேண்டும். மாடு, காது, கழுகு, பாட்டு எல்லாவற்றிலும் கடைசி உகரம் குறுகித்தான் ஒலிக்கிறது. குற்றியலுகரம் என்று இலக்கணம் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். 'காத', 'மாட்' என்று எழுதும் குழந்தையின் காது கூர்மையாக இருக்கிறது என்று பொருள். 'உதட்டைக் குவித்து ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுது' என்றால் போதும். திட்ட வேண்டிய பிழை இல்லை.

ஜன்னல் அட்டை

ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இடமிருந்து வலம் வாசி என்று இத்தனை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது 'இதை மட்டும் பிறகு பார்' என்கிறோம். ொ, ோ இன்னும் மோசம், எழுத்தின் இருபக்கமும் நிற்கும். 'கொடி'யைக் 'காடி' என்றோ 'கெடி' என்றோ வாசிப்பது இதனால்தான். குழந்தை ஒரு பக்கத்துக் குறியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு ஓர் அட்டை செய்து வைத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரமுள்ள கெட்டி அட்டை. நடுவில் 5 செ.மீ. சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டுங்கள். ஜன்னலுக்கு இடப்பக்கம் ெ, வலப்பக்கம் ா, இரண்டும் ஒரே நிறத்தில், சிவப்பில். பிறகு 6 செ.மீ. அகலத்தில் ஒரு நீளமான தாள் பட்டை வெட்டி, அதில் 5 செ.மீ. இடைவெளியில் க, ச, த, ப, ம, வ என்று கறுப்பில் எழுதுங்கள். பட்டை அட்டையின் பின்னால் மேலிருந்து கீழே நகர வேண்டும். நழுவாமலிருக்க, பின்பக்கம் ஜன்னலுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு சிறு பட்டையைக் குறுக்காக வைத்து, ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். முழுக்கப் பசை தடவினால் பட்டை நகராது. முதல்முறை செய்பவர்கள் தவறுவது இங்கேதான்.

இப்போது கேள்வி: "ஜன்னல்ல யாரு?" குழந்தை 'க' என்று சொல்லட்டும். பிறகு இரண்டு கையாலும் இரண்டு சிவப்புக் குறிகளையும் தொட்டு 'கொ' என்று சொல்லட்டும். நடுவில் இருப்பவர் முதலில், பக்கத்தில் இருப்பவர்கள் பிறகு. இந்த வரிசை பழக வேண்டும். பட்டையை நகர்த்தினால் சொ, தொ, பொ. வலப்பக்கக் காலை ஒரு தாளால் மறைத்தால் கெ, செ, தெ. மூன்று நாளில் ஓர் அட்டை, இரண்டு வரிசை. ே, ோ-வுக்கு இன்னோர் அட்டை. தலையில் சுழி இருக்கிறதா என்பதுதான் அங்கே பாடம்.

எழுதும்போது வரிசை தலைகீழாகும்: குறி முதலில், எழுத்து பிறகு. பல குழந்தைகள் க-வை முதலில் எழுதிவிட்டு, இடப்பக்கம் இடம் இல்லாமல் ெ-ஐ நெருக்கித் திணிப்பார்கள். சொல்லை வாய்விட்டுச் சொல்லி, 'முன்னால் ஏதாவது நிற்குமா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு பென்சிலை வைக்கப் பழக்குங்கள். ௌ-வைக் கடைசியில் வையுங்கள். வௌவால், மௌனம் தாண்டி ஒன்றாம் வகுப்பில் அதற்கு வேலை இல்லை.

காதில் கேட்பதும் தாளில் இருப்பதும்

நம் எழுத்தில் ஒரு க-தான், ஒலியோ பல. பக்கம், பங்கு, பகல் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் க வேறு வேறு. தாத்தா, பந்து, கதை என்ற மூன்றில் த-வும் அப்படியே. எழுதுபவருக்கு இது வசதி. வாசிக்கும் குழந்தைக்குத்தான் தடுமாற்றம். 'பகல்' என்பதை 'பக்கல்' போல அழுத்தி வாசித்துவிட்டு, அந்தச் சொல் தனக்குத் தெரியாதது என்று நினைத்துக்கொள்ளும். "இந்த மாதிரி ஒரு சொல் நீ கேட்டிருக்கிறாயா?" என்று கேட்டு, அதன் வாயாலேயே சரியான ஒலியை வரவழையுங்கள்.

இதே குணம் இரட்டிப்பு எழுத்தில் நமக்கு உதவிக்கு வருகிறது. படம் – பட்டம், பாடு – பாட்டு, எடு – எட்டு, கடை – கட்டை. மெதுவாக வந்தால் ஒன்று, அழுத்தி வந்தால் இரண்டு. 'அபா' என்று எழுதும் குழந்தையை 'அப்பா' என்று சொல்ல வைத்து, 'ப்'-இல் உதடு ஒட்டி நிற்கும் அந்த நொடியை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிறுத்தம்தான் புள்ளி.

ந, ன, ண மூன்றையும் 'ரெண்டு சுழி, மூணு சுழி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது வடிவத்தைச் சொல்கிறது, எங்கே எதைப் போடுவது என்பதைச் சொல்லவில்லை. பழைய பெயர்கள் அதைச் சொல்லிவிடும்: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். த-வுக்கு முன்னால் ந், ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன். பந்து, வண்டி, கன்று. மூன்று சொல்லையும் சுவரில் படத்தோடு மாட்டிவிட்டால் நூறு சொல்லுக்கு வழி தெரிந்துவிடும். கூடவே இன்னொன்று: தமிழ்ச் சொல் ண, ன, ள, ழ, ற என்ற எழுத்துகளில் தொடங்காது. சொல்லின் முதலில் 'ன'வா 'ந'வா என்ற சந்தேகமே வேண்டாம், ந-தான். ல, ள, ழ மூன்றையும் நாக்கால்தான் கற்றுத்தர முடியும். ல-வுக்கு நுனி நாக்கு மேற்பல்லின் வேர்ப்பக்கம் தொடும். ள-வுக்கு நாக்கு மடிந்து மேல்வாயைத் தொடும். ழ-வுக்கு மடியும், தொடாது. குழந்தை உங்கள் வாயைப் பார்க்க வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் பயனில்லை. வீட்டில் ழ-வை ள-வாகப் பேசும் குழந்தை எழுத்தில் குழம்புவது இயல்பு. முதல் வருடத்தில் மழை, பழம், கிழமை, வாழை போல அடிக்கடி வரும் பத்துச் சொற்களைக் கண்ணால் பழக்கினால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். குழந்தை 'எலை' என்கிறது, தாளில் 'இலை'. 'ஒடம்பு' என்கிறது, தாளில் 'உடம்பு'. 'மழ' என்கிறது, தாளில் 'மழை'. 'வந்தாங்க' என்கிறது, தாளில் 'வந்தார்கள்'. 'எலை' என்று எழுதிய குழந்தை கேட்டதைப் பிசகாமல் எழுதியிருக்கிறது. அதை 'தப்பு' என்று அடித்தால், 'காதை நம்பாதே' என்ற பாடம்தான் அதற்குப் போய்ச் சேரும். எழுதக் கற்கும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. 'நீ பேசுற மாதிரி சரியா எழுதியிருக்க. புத்தகத்துல இப்படி எழுதுவாங்க' என்று சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சொல்வதெழுதுதலில் நீங்கள் 'இலை' என்றே உச்சரியுங்கள், அங்கே புத்தகத் தமிழ்தான். குழந்தை தானாக ஒரு படம் வரைந்து கீழே எழுதும் வரியில், ஆண்டின் முதல் பாதி முழுக்கப் பேச்சுத் தமிழை விட்டுவிடுங்கள். 'எங்க நாய் ஓடுது' என்று எழுதட்டும். தான் சொன்னது தாளில் நிற்கிறது என்று ஒரு குழந்தை கண்டுகொள்ளும் நொடி அது; இலக்கணத்துக்காக அதைக் கெடுக்கக் கூடாது.

கையும் நோட்டும்

முதலில் பெரிதாக, பிறகு சிறிதாக. தரையில் சாக்பீஸ், மணல் தட்டு, சிலேட்டு, பிறகு 2 செ.மீ. கட்டம் போட்ட நோட்டு, கடைசியில் 1 செ.மீ. இரட்டைக்கோடு. மணல் தட்டில் மணல் அரை செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். அதிகமானால் போட்ட கோடு சரிந்து மூடிக்கொள்ளும். தட்டின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் எழுத்து பளிச்சென்று தெரியும்.

பென்சில் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில், நடுவிரல்மேல் சாய்ந்து நிற்க வேண்டும். கை வலிக்கிறது என்று சொல்லும் குழந்தை பெரும்பாலும் நான்கு விரலால் இறுக்கிப் பிடித்திருக்கும், தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து புடைத்துத் தெரியும். 5, 6 செ.மீ. நீளமுள்ள குட்டிப் பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு விரலுக்கு அதில் இடமே இருக்காது. கால் தரையில் பதிய வேண்டும். தொங்கினால் கையில் நடுக்கம் வரும். வலக்கைக் குழந்தைக்கு நோட்டின் மேல்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், இடக்கைக் குழந்தைக்கு வலப்பக்கம். இடக்கைக் குழந்தையை பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு மோதாது. கையை மாற்ற முயலவே வேண்டாம்.

'பத்துத் தடவை எழுது' என்று சொன்னால் என்ன நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவீர்கள். 'பட்டம்' எழுதச் சொன்னால் குழந்தை முதலில் ப, ப, ப என்று பத்து வரிக்கும் மேலிருந்து கீழே எழுதும். பிறகு மேலே போய் ட்-ஐ அதேபோல் இறக்கும். பிறகு ட. கடைசியில் ம். பக்கம் நிறைந்துவிடும், பட்டம் என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதியிருக்காது. நான்காவது வரியில் ஒரு பிழை வந்தால் மீதி ஆறு வரியிலும் அதுவே வரும், ஏனென்றால் குழந்தை மேலே இருக்கும் தன் எழுத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறது.

அதற்குப் பதில் மூன்று தடவை. சொல்லைப் பார், வாய்விட்டுச் சொல், அட்டையால் மூடு, எழுது, திறந்து சரிபார். மூன்றில் எது அழகாக வந்திருக்கிறது என்று குழந்தையே வட்டம் போடட்டும். ஒரே மூச்சில் எழுதும் வேலை 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

சொல்வதெழுதுதல் தினமும் ஐந்து சொல்: பழகியவை மூன்று, இன்றைக்கு வந்த எழுத்தில் இரண்டு. திருத்தும்போது சொல்லின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. முழுச் சொல்லும் தப்பு என்றே நினைக்கும். பிழை இருக்கும் எழுத்தின் அடியில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு, எழுதியதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். 'பாடம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'படம்' இருந்தால், தானே வாசித்து, தானே கையை நீட்டி, தானே கால் போடும். நீங்களும் ஒரு தனி நோட்டில் யாருக்கு எந்த வகைப் பிழை என்று குறித்து வையுங்கள்: புள்ளி, குறில் நெடில், இரட்டிப்பு, ன–ண, விடுபட்ட நடு எழுத்து. வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே பிழை என்றால் நீங்கள் கற்றுத்தந்த விதத்தை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் என்றால் அவர்களோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா

முப்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிப்பது எதையும் காட்டாது. பத்துப் பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் அரை நொடி பின்னால் வாயசைப்பார்கள். ஆறு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒரு குழுவோடு 8 நிமிடம் நீங்கள் உட்காருங்கள். மற்ற குழுக்கள் எழுத்தட்டையில் சொல் சேர்ப்பது, சிலேட்டில் எழுதுவது, படம் பார்த்துப் பேசுவது என்று தானே செய்யக்கூடிய வேலையில் இருக்கட்டும். ஒருநாளில் எல்லாக் குழுவுக்கும் நேரம் வராது. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையும் உங்கள் காதுக்குப் பக்கத்தில் வாசித்தால் அதுவே பெரிது.

நீங்கள் தினமும் 10 நிமிடம் கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டுவதை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, விரலை வரியின் அடியில் ஓட்டுங்கள். வரி முடிந்ததும் விரல் எங்கே போகிறது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஏன் இடைவெளி, முற்றுப்புள்ளியில் ஏன் நிற்கிறோம் என்பதெல்லாம் பாடமாகச் சொல்லாமலே பதியும். புத்தகத்துத் தமிழ் காதுக்குப் பழகுவதும் இப்படித்தான். 'வந்தார்கள்' என்பதை நூறு முறை கேட்ட குழந்தைக்கு அதை வாசிப்பது கஷ்டமில்லை.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் தனியாகக் கூப்பிட்டு மூன்று நிமிடம் பாருங்கள். வரிசை கலைந்த 20 எழுத்து, பாடத்தில் இல்லாத 10 சொல், நடுவில் 'லாமி', 'டகூ' போல இரண்டு பொருளற்ற சொல், கடைசியில் புதிதாக மூன்று வாக்கியம். படம் எதுவும் இருக்கக் கூடாது. தெரிந்த எழுத்துகளால் ஆன தெரியாத சொல்லை ஒரு குழந்தை உடைத்து வாசித்துவிட்டால், அது வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. எழுத்து தெரிந்தும் சேர்க்க முடியவில்லை என்றால், திரும்ப எழுத்துக்குப் போகாதீர்கள். 'பல், பட், பம்' தட்டலுக்குப் போங்கள்.

வாக்கியத்தை வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கட்டாயம். 'யார் ஓடியது?' 'எங்கே விழுந்தது?' பதில் வரவில்லை என்றால், எழுத்தை உடைப்பதிலேயே கவனம் முழுக்கச் செலவாகிவிட்டது என்று பொருள். அதே வாக்கியத்தை இரண்டாம் முறை வாசிக்க வைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

பின்தங்கும் குழந்தை என்று முடிவு கட்டுமுன் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறதா, தலையைச் சாய்க்கிறதா, பலகையை விட்டுப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறதா? முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? சளி பிடித்த வாரங்களில் காது மந்தமாகி, ப-வும் ம-வும் கலந்து கேட்பதும் உண்டு. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது ஏழு வயதுவரை பல குழந்தைகளிடம் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக் கொடுத்தால் குறையும். ஆனால் தனியாக உட்கார்ந்து பல மாதம் பழக்கிய பிறகும், பத்துப் பதினைந்து எழுத்துக்கு மேல் நிற்கவில்லை, 'மரம்' என்ற சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று வாயால்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், பெற்றோரை அழைத்துப் பேசி, கற்றல் குறைபாடு தெரிந்த நிபுணரிடம் அனுப்புங்கள். போகும்போது உங்கள் பிழைக் குறிப்பு நோட்டையும் கொடுத்தனுப்புங்கள். எந்த எழுத்து, எந்த மாதம், எந்த வகைப் பிழை என்று அதில் இருப்பது அவர்களுக்கு மிகவும் பயன்படும்.